ஓர் அட்டைக்கு ஓர் இலை

காஞ்சிபுரம்
சித்திரை 25, வியாழக்கிழமை

அன்பு மகள் இளவரசிக்கு அப்பா ஆசையோடு எழுதிக்கொள்வது. இங்கே அம்மன் தயவில் நாங்கள் இருவரும் சௌக்கியம். என் முட்டிவலியும் சௌக்கியம்தான், அது என்னை விட்டுப் போகிற யோசனையில் இல்லை. உன் அம்மாவின் குரல் பரம சௌக்கியம், நாலு வீடு தள்ளித் தறியில் உட்கார்ந்திருப்பவர்கள் அதைக் கேட்டுத்தான் சாப்பாட்டு நேரம் தெரிந்துகொள்கிறார்கள். அங்கே கானா நாட்டு அக்ராவில் நீயும் உன்னோடு தங்கியிருக்கிற அந்தப் பஞ்சாபிப் பெண் சிம்ரனும் சௌக்கியமாக இருப்பீர்கள், வேளைக்குச் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன், நம்பத்தான் முடியும், எட்டிப் பார்க்கவா முடிகிறது. செவிலிமேட்டு வசந்த் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறான், அவன் கையில் ஒரு பை கொடுத்தனுப்புகிறோம். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, முறுக்கு, கூடவே இந்தக் கடிதம். முறுக்கு நொறுங்கியிருந்தால் வசந்தைத் திட்டு, உப்பு கூடியிருந்தால் உன் அம்மாவைத் திட்டு, எழுத்துப் பிழை இருந்தால் மட்டும் யாரையும் திட்டாதே, ஆறாம் வகுப்பில் பாதியில் எழுந்து வந்தவன் இவ்வளவு எழுதுவதே பெரிது.

நம் தெருவில் நடந்த அட்டைக் கதையை முழுதாக எழுதி அனுப்பச் சொன்னாய், உன் வங்கியில் கூட இருக்கிறவர்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்றாய். போனில் சொல்லலாம் என்றால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொண்டு, தப்பெல்லாம் என்னுடையது நல்லதெல்லாம் அவளுடையது என்று மாற்றிச் சொல்லிவிடுகிறாள். அதில் முக்கால்வாசி உண்மைதான் என்றாலும் கேட்பவர்களுக்கு என் பக்கமும் தெரிய வேண்டாமா. அதனால் நீ அறிந்ததையும் சேர்த்து முதலிலிருந்தே எழுதுகிறேன். உன் வங்கிக்காரர்கள் சிரிக்கட்டும், ஆனால் அவர்கள் ஊர்ப் பணம் ஒரு காலத்தில் இருந்த இருப்பை நினைத்துக்கொண்டு சிரிக்கட்டும். நீ அங்கே போன வருஷம் அந்த ஊர்ப் பணமான சீடி விழுந்த வேகத்தில், பரணில் கிடக்கிற பழைய பாட்டு சீடிகளை அனுப்பட்டுமா செலவுக்கு ஆகுமா என்று நான் கேட்டதற்கு நீ இரண்டு நாள் பேசவில்லை. இப்போது அது எழுந்து நிமிர்ந்து நடக்கிறதாக வசந்த் சொன்னான். மனது நிறைந்தது.

தை மாதக் கடைசியில் நம் தெரு அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்ததே, அதுதான் ஆரம்பம். கமிட்டிச் செயலாளர் செல்போன் கடை வேல்முருகனை உனக்குத் தெரியும், அவனுக்குச் செலவழிப்பதில் கை நீளம், பை சின்னது. பத்துப் பேர் சேர்ந்து வசூலித்த பணத்தில் கோபுரத்துக்கு வர்ணமும் யாகசாலையும் முடிந்திருக்கும். அவனோ கேரளத்திலிருந்து செண்டை வரவழைத்தான், தெருவின் இரண்டு முனையிலும் லைட் கட்அவுட் வைத்தான், வானத்திலிருந்து பூ கொட்ட டிரோன் கொண்டுவந்தான். அந்த டிரோன் கலசத்தின் மேல் கொட்ட வேண்டிய ரோஜாவை எல்லாம் டீக்கடைக் கொட்டகை மேல் கொட்டிவிட்டுப் போனது. டீக்கடைக்காரர் அன்றைக்கு முழுக்கக் கடை வாசலில் கைகூப்பிக்கொண்டே நின்றார். எல்லாம் முடிந்து பார்த்தால் பந்தல்காரருக்குப் பாக்கி, லைட்காரருக்குப் பாக்கி, பூக்காரருக்குப் பாக்கி, உண்டியலில் சில்லறை. அதற்கு மேல் மண்டல பூஜை நாற்பத்தெட்டு நாளும் மத்தியானச் சாப்பாடு போடுவதாக அம்மன் முன்னால் சொல்லியாகிவிட்டது. அதற்கு அரிசி பருப்பு மட்டும் தனியாக வந்து சேர்ந்திருந்தது, சமையல்கட்டு உன் அம்மா துளசியின் பொறுப்பு.

கூட்டம் முண்டியடிக்காமல் இருக்க, வீட்டுக்கு இத்தனை என்று அட்டை கொடுத்துவிடலாம், ஓர் அட்டை கொண்டுவந்தால் ஓர் இலை என்று முடிவானது. அட்டை அச்சடிக்கக் காசு வேண்டுமே என்றார்கள். நான்தான் மார்தட்டினேன். சிம்ரனுக்குத் தெரியாது, நீ விளக்கிச் சொல்லு, தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகள் சங்கிலி மாதிரித் தொங்கும், எந்த இழை எழும்ப வேண்டும் எது படுக்க வேண்டும் என்று அந்த ஓட்டைதான் தறிக்குச் சொல்லும், அந்த ஓட்டையைப் போடுவதுதான் உன் அப்பனுக்கு முப்பது வருஷத் தொழில் என்று. டிசைன் மாறிப் போன பழைய அட்டை நம் வீட்டில் மூட்டை மூட்டையாய்க் கிடக்கிறது. அதைத் துண்டு துண்டாய் நறுக்கி, முக்கோணமாய் மூன்று ஓட்டை போட்டுக் கொடுத்தேன். என் கை ஓட்டையை எவன் போடுவான் என்று எனக்கு ஒரு மிதப்பு. பட்டுத் தெருவில் உட்கார்ந்துகொண்டு தறி அட்டையில் பணம் அடித்தவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன், அது ஏன் தப்பு என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

உன் அம்மா கைச் சாம்பாரைப் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. முதல் வாரத்திலேயே அட்டைக்கு மவுசு ஏறிவிட்டது. பந்தல்காரர் பாக்கி கேட்டு வந்தபோது வேல்முருகன் என்னிடம் ஓடிவந்தான். "அண்ணா, ஒரு நூறு அட்டை வெட்டிக் குடுண்ணா, அவருக்குப் பணத்துக்குப் பதிலா சாப்பாடா குடுத்துர்லாம், அவரும் ஆளு வெச்சிக்கினு வேலை செய்றவருதானே" என்றான். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை, வெட்டிக் கொடுத்தேன். லைட்காரர் வந்தார், வெட்டினேன். பூக்காரர் வந்தார், வெட்டினேன். பந்தல்காரர் அட்டையைச் சவரக் கடையில் கொடுத்துச் சவரம் செய்துகொண்டார், சவரக்காரர் அதை டீக்கடையில் கொடுத்தார், ஓர் அட்டைக்கு ஆறு டீ. ஆட்டோவுக்குக் கொடுத்தார்கள், இஸ்திரிக்குக் கொடுத்தார்கள். நான் தெருவில் நடந்தால் ரிசர்வ் வங்கிக்கே கவர்னர் ஆகிவிட்ட மாதிரி ஆளாளுக்கு, "கவர்னரே, இன்னா காலையிலயே" என்று கும்பிடு போட்டார்கள். நானும் சட்டையில் பொத்தானைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தேன், அதை உன் அம்மா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

உன் சிநேகிதி அமுதா மாசமாக இருக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, அவள் அம்மா கங்கையம்மாள் அக்கா சமையல்கட்டில் காய் நறுக்க வந்தார். இழை சுற்றுகிற வேலையை அரை நாளாகக் குறைத்துக்கொண்டு வெங்காயம், கத்தரிக்காய், பூசணிக்காய் என்று மலை மலையாக நறுக்கித் தள்ளினார். கூலியைக் காசாகத் தருகிறோம் என்றதற்கு, "வேணாம்பா, காசு கையில இருந்தா கரைஞ்சிடும், அட்டையாவே குடு, பங்குனியில அமுதாவுக்கு வளைகாப்பு வருது, இங்கயே பந்தல்ல நாப்பது இலை போட்டு முடிச்சிக்கிறேன்" என்றார். அந்தச் சமயத்தில் வேல்முருகன் இன்னொன்றும் அறிவித்திருந்தான், இப்போதே சாப்பிட வராமல் அட்டையை வைத்திருந்து கடைசி வாரத்தில் கொண்டுவருகிறவர்களுக்கு நாலுக்கு ஒன்று கூடத் தருவோம் என்று. அக்கா என்னைக் கேட்டார், "நம்பலாமா ராஜகோபாலு" என்று. நான் சும்மா இருந்திருக்கலாம். "தங்கம் மாதிரி அக்கா, பீரோவுல வெச்சிப் பூட்டு" என்றேன். அமுதாவின் மாமியார் வீடு கூரத்தில், அவர்கள் கொஞ்சம் முறைப்பான ஆட்கள், பெண் வீட்டில் வளைகாப்புக்கு ஒழுங்காக ஓர் இலை போட வக்கில்லையா என்று கேட்டுவிடுவார்கள் என்பதுதான் அக்காவுக்கு இருந்த ஒரே பயம். அந்தப் பயத்தை என் வாய்ச்சொல்லில் மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

மாசி நடுவில் ஓர் அட்டைக்கு ஆறு டீ நாலு டீ ஆனது, அப்புறம் இரண்டானது. சவரக்காரர் முகத்துக்கு ஒன்று, தலைக்கு மூன்று என்று சிலேட்டில் எழுதி மாட்டினார். நான் டீக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன், "இன்னாயா, அதே அட்டைதானே" என்று. "அட்டை அதேதான் கவர்னரே, ஆனா எங்க பாத்தாலும் அதேதான் இருக்குது" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நீ போன் பண்ணினாய். நான் பெருமையாகச் சொல்ல, நீ இரண்டே கேள்வி கேட்டாய், "எவ்ளோ அட்டை வெட்டினீங்கப்பா, அரிசி எவ்ளோ இருக்குது" என்று. முதல் கேள்விக்கு நிறைய என்றேன், இரண்டாவதை அம்மாவிடம் கேள் என்றேன். வேல்முருகனின் நாலுக்கு ஒன்றையும் சொன்னபோது, "வட்டி வேற ஆரம்பிச்சிட்டீங்களா" என்று நீ சிரித்த சிரிப்பில் எனக்கு ரோஷம் வந்து போனை வைத்துவிட்டேன். உனக்கு என்ன தெரியும், ஏதோ வங்கியில் ஏசி அறையில் உட்கார்ந்திருக்கிற பெண் என்று நினைத்தேன். மன்னிப்பெல்லாம் கேட்க மாட்டேன், கூட ஒரு பொட்டலம் முறுக்கு வைத்திருக்கிறேன்.

பங்குனி பிறந்த வாரத்தில் முசரவாக்கத்திலிருந்து ஒரு வேன் வந்து பந்தல் முன்னால் நின்றது. பந்தல்காரர் தன் அட்டையை மொத்தமாக அந்த ஊரில் ஒரு கல்யாண வீட்டுக்குத் தள்ளிவிட்டிருக்கிறார். மாப்பிள்ளை, பெண், மாலை கழற்றாத கழுத்தோடு, பின்னால் இரண்டு பக்கத்துச் சொந்தமும் கையில் அட்டையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்தபின் இல்லை என்று சொல்ல முடியுமா, போட்டோம். நம் தெருக்காரர்களுக்குச் சாதம் தீர்ந்துபோனது. அவ்வளவுதான், நாளையிலிருந்து சாப்பாடு கிடையாதாம், அரிசி முடிந்ததாம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யார் கிளப்பினார்கள் என்று யாருக்கும் தெரியாது, எல்லாரும் நம்பினார்கள். மறுநாள் பத்து மணிக்கே வரிசை பந்தலிலிருந்து தெருமுனை வரைக்கும் நின்றது. பசியே இல்லாதவன்கூட அட்டையோடு நின்றான். இலங்கையில் பெட்ரோலுக்கு நின்றதை டிவியில் காட்டினார்களே, அப்படி. உன் அம்மா கரண்டியோடு அடுப்படி வாசலை மறித்து நின்றாள். "அடுப்புல இருக்கறதுதான் சோறு, உங்க கையில இருக்கறது அட்டை. அட்டையை வேணா அவரு வேகவெச்சித் தருவாரு, கேளுங்க" என்று என்னைக் கைகாட்டினாள். கட்டின மனைவி.

அன்று சாயங்காலம் கமிட்டி உட்கார்ந்தது. வந்த அட்டையை எண்ணினால் நான் வெட்டினதைவிட அதிகம். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், அதே முக்கோணம், அதே மூன்று ஓட்டை, ஆனால் என் கை இல்லை. உன் அம்மா பார்த்த உடனே சொன்னாள், "இது மாங்காய் பார்டர் அட்டை, மாங்காயோட மூக்குல தானாவே வர்ற மூணு ஓட்டை" என்று. நம் தெருவில் பழைய அட்டை மூட்டை இல்லாத வீடு எது? மாங்காய் போடாத தறி எது? வீட்டுக்கு வீடு பணம் காய்த்துக் கிடந்திருக்கிறது, கத்திரிக்கோல்தான் வேண்டியது. யார் யார் நறுக்கினார்கள் என்று நான் விசாரிக்கவில்லை, விசாரித்தால் பாதித் தெருவோடு பேச்சுவார்த்தை இருக்காது. வேல்முருகன் மட்டும் கலங்கவில்லை. "இன்னாணா இப்போ, புதுசா ஒண்ணு வெட்டு, ஆறு ஓட்டை போட்டு இது ரெண்டு இலைன்னு சொல்லிடு, எல்லாம் அடங்கிடும்" என்றான். நான் உளியைக் கையில்கூட எடுத்துவிட்டேன். அப்போது இன்னொருவர் எல்லா அட்டைக்கும் ஐந்துக்கு மூன்று இலை என்று சமமாகக் குறைத்துவிடலாம் என்றார், அதுதான் நியாயம் என்று எல்லாரும் தலையாட்டினார்கள்.

கங்கையம்மாள் அக்கா பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அழவில்லை, சத்தம் போடவில்லை. இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சை எடுத்து என் முன்னால் அவிழ்த்துக் கொட்டினார். எல்லாம் என் கையால் கொடுத்தது, ஓரம் மடங்காமல் அடுக்கி வைத்திருந்தார். "தங்கம்னு சொன்ன இல்ல ராஜகோபாலு, எடை போட்டுக் குடு" என்றார். அவ்வளவுதான். வளைகாப்புக்கு இரண்டு வாரம்கூட இல்லை. எனக்கு அங்கிருந்து எழுந்திருக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. அப்போதுதான் உன் அம்மா போனை எடுத்து உன்னை வீடியோவில் கூப்பிட்டு, சத்தம் வெளியே கேட்கிற மாதிரிப் போட்டு நடுவில் வைத்தாள்.

நீ முதலில் சொன்னது, "அப்பா, மொதல்ல உளியைக் கீழ வைங்க" என்று. வீடியோவில் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. அப்புறம், அரிசி எங்கிருந்தாவது வந்து சேராமல் வெளியே போய் எதுவும் அறிவிக்காதீர்கள் என்றாய். பட்டுக் கடை கலியாணசுந்தரம் முதலாளி அங்கேயே இருந்தார், அரிசி மூட்டை அவரிடம் இருக்கிறது, ஆனால் மனிதர் சும்மா கொடுப்பவரா. உண்டியல் வசூலிலிருந்து வருஷத்துக்குள் திருப்ப வேண்டும், பாயசம் கிடையாது, அப்பளம் கிடையாது, வடை வெள்ளிக்கிழமை மட்டும், அவர் கடைக் கணக்குப்பிள்ளை சமையல்கட்டில் உட்கார்ந்து பருப்பை அளப்பார், வேல்முருகன் ஒரு முழம் பூ வாங்குவதென்றாலும் அவரைக் கேட்க வேண்டும் என்றார். "அரிசியையும் குடுத்து எங்க வாயையும் கட்டுறீங்களே முதலாளி" என்றாள் உன் அம்மா. "கட்டலன்னா போன மாசம் மாதிரிதான்மா ஆவும்" என்றார் அவர். நீயோ போனில் சிரித்துக்கொண்டு, இங்கே கானாவுக்குக் கடன் கொடுக்க வந்தவர்களும் இப்படித்தான் ஆன்ட்டி பாயசத்தில் கைவைத்தார்கள் என்றாய். ஆபீஸ் பழக்கத்தில் பெற்ற தாயை ஆன்ட்டி என்றதற்கு இன்னும் உனக்குத் திட்டு பாக்கி இருக்கிறது, அடுத்த போனில் வாங்கிக்கொள்.

அப்புறம்தான் நீ கங்கையம்மாள் அக்கா விஷயத்துக்கு வந்தாய். நீ சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம். "பந்தல்காரரு லாபம் பாத்து வாங்குனவரு, அவருக்கு நாளைக்கு வேற பந்தல் கிடைக்கும். அத்தைக்கு இது கூலிப்பா. ரெண்டையும் ஒரே அளவா வெட்டறது சமம் மாதிரி தெரியும், ஆனா இல்ல. இங்கயும் கவர்மெண்டு வாங்கின கடனை மொதல்ல எல்லாருக்கும் ஒண்ணாதான் வெட்டப் பாத்தாங்க, ரிட்டையர் ஆனவங்க கோஷம் எழுதின அட்டையைப் புடிச்சிக்கினு மந்திரி ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாங்க, அப்புறம்தான் அவங்களை விட்டுட்டாங்க. நீங்க வாசல்ல நிக்க வெக்காமயே விடுங்க." இப்படிக் கடனை வெட்டிக் குறைப்பதற்கு உங்கள் ஆபீசில் ஹேர்கட் என்று பெயர் என்றாய், எங்கள் சவரக்காரர் அதற்கு மூன்று அட்டை வாங்குகிறார் என்று நான் சொன்னது உனக்குக் கேட்கவில்லை, எல்லாரும் சிரித்துவிட்டார்கள். முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "ஒருத்தருக்கு முழுசா குடுத்தா, நாளைக்கு ஊர்ல இருக்கறவன்லாம் நானும் வெங்காயம் அரிஞ்சேன்னு வருவான்மா" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. சமையல்கட்டில் யார் யார் எத்தனை நாள் நின்றார்கள் என்று எனக்குத் தெரியும், கூடுதலாக ஒருத்தி பேர்கூடக் கணக்கில் ஏறாமல் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று உன் அம்மா பொறுப்பேற்றாள். சரி, ஆனால் இனிமேல் அட்டை வெட்டுகிற உளி என்னிடம் இருக்கட்டும் என்றார் முதலாளி.

அங்கேதான் உன் அம்மா ஒரு போடு போட்டாள். "உங்க கையில இருந்தா நீங்க ஒண்ணுமே வெட்ட மாட்டீங்க. எங்க வூட்டுக்காரர் கையில இருந்தா யாரு சிரிச்சாலும் வெட்டிடுவாரு. வேல்முருகன் கையைப் பத்திப் பேசவே வேணாம். யாரு அட்டையைச் சேத்து வெச்சிருக்காங்களோ அவங்க கையில குடுங்க, கூட ஒண்ணு வெட்டினா மொதல்ல நஷ்டம் அவங்களுக்குத்தானே" என்றாள். எல்லாரும் கங்கையம்மாள் அக்காவைப் பார்த்தோம். போனுக்குள் நீ கை தட்டின சத்தம் இங்கே கேட்டது. என் பெட்டியில் சதுர ஓட்டை போடுகிற ஓர் உளி இருந்தது, எந்தத் தறி அட்டையிலும் சதுர ஓட்டை கிடையாது, மாங்காய் மூக்கும் கிடையாது. அதை அக்கா கையில் கொடுத்தேன். மறுநாள் பழைய அட்டை எல்லாவற்றையும் வாங்கி, மற்றவர்களுக்கு ஐந்துக்கு மூன்று, சமையல்கட்டுப் பெண்களுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று புது அட்டை கொடுத்தோம், நாலுக்கு ஒன்று வட்டி யாருக்கும் இல்லை. பந்தல்காரர் வயிறு எரிந்து நாலு வார்த்தை சொன்னார், வாங்கிக்கொண்டோம். பழைய அட்டையை எல்லாம் வெந்நீர் அடுப்பில் போட்டாள் உன் அம்மா, நான் பணமாக வெட்டினதில் கடைசியில் பாதித் தெரு குளித்தது.

அதற்குப் பிறகு பாயசம் இல்லாத நாட்கள். கணக்குப்பிள்ளை படியை வழித்து அளப்பார், சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டியிருந்தது, முதலாளி தெருவில் போனால் சின்னப் பிள்ளைகள் அப்பளம் அப்பளம் என்று கத்தினார்கள். ஆனால் ஓர் அட்டைக்கு ஓர் இலை தவறாமல் கிடைத்தது, வரிசை தானாகக் கரைந்தது, டீக்கடையில் மறுபடியும் நாலு டீ. வளைகாப்பு அன்று நீ இருந்திருக்க வேண்டும். கூரத்துச் சம்பந்திகள் முறைப்போடு வந்து உட்கார்ந்தார்கள், நாற்பது இலையும் குறையாமல் விழுந்தது, புளிசாதம், எலுமிச்சை, தேங்காய், தயிர், சர்க்கரைப் பொங்கல் என்று ஐந்து சாதம், பொங்கலில் முந்திரி கண்ணுக்குத் தெரிந்தது, அது உன் அம்மா தன் கையிலிருந்து போட்டது, கணக்குப்பிள்ளைக்குத் தெரியாது. அமுதாவின் மாமியார் இரண்டாம் முறை புளிசாதம் கேட்டபோது கங்கையம்மாள் அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார் பார், அந்தப் பார்வைக்கு நான் எத்தனை அட்டை வேண்டுமானாலும் தின்பேன். முதலாளியும் மொய்யோடு வந்து உட்கார்ந்து இலையை மேலும் கீழும் பார்த்து, "பாயசம் இல்லியா" என்றார். பந்தலே அதிர்ந்தது. மனிதர் தானும் சிரித்துவிட்டுப் போனார். அமுதா கையில் வளையல் முழங்கை வரைக்கும் ஏறியிருந்தது, உனக்கென்று ஒரு பச்சை வளையல் எடுத்து வைத்திருக்கிறாள், பையில் இருக்கிறது, துணியில் சுற்றியிருக்கிறேன்.

மண்டல பூஜை முடிகிற நாள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது, உன் அம்மாவுக்கே நேற்றுத்தான் சொன்னேன். அன்றைக்கு மட்டும் முதலாளி பாயசத்துக்கு அனுமதி கொடுத்திருந்தார். என் அட்டை தீர்ந்துபோயிருந்தது, வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. நான் மெதுவாகக் கங்கையம்மாள் அக்காவிடம் போய், "அக்கா, ஒரே ஒரு அட்டை, பழகின ஆளு" என்றேன். அக்கா அடுப்படிப் பக்கம் திரும்பி எத்தனை இலை பாக்கி என்று கேட்டார், கேட்டுவிட்டு இல்லை என்றார். எனக்கா இல்லை, அந்த உளியே என்னுடையது என்றேன். "உளி உன்னுதுதான்பா, ஓட்டை என்னுது" என்றார், சொல்லிவிட்டு நறுக்கின வெங்காயத்தைக் கூடையில் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் வீட்டுக்கு வந்து காலையில் மீந்த ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், இத்தனை நாளில் அன்றைக்குத்தான் வயிறு நிறைந்தது. நீ அங்கே என்ன வேலை பார்க்கிறாய் என்று யாராவது கேட்டால் முன்பெல்லாம் வங்கியில் என்று சொல்லி நிறுத்திவிடுவேன். இப்போது நிறுத்துவதில்லை, விழுந்த பணத்தைத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவள் என்று சேர்த்துச் சொல்கிறேன், டீக்கடையில் எனக்கு இடம் விட்டு உட்காருகிறார்கள்.

சரி, பையை வாங்கிப்போக வசந்த் வாசலில் வந்து ஹாரன் அடிக்கிறான். வெயிலில் தொப்பி இல்லாமல் போகாதே, கிழங்கை மட்டுமே தின்று உடம்பைப் பருக்க விடாதே, உன் அம்மா வேறு வரன் ஜாதகம் என்று ஏதேதோ முணுமுணுக்கிறாள், நீ பிடிகொடுக்காமல் பேசு, நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொள்கிறேன். அமுதாவுக்கு ஆனியில் நாள் சொல்லியிருக்கிறார்கள், பிள்ளை பிறந்ததும் கங்கையம்மாள் அக்கா முதலில் உனக்குத்தான் போன் பண்ணுவேன் என்கிறார், அந்த மாதம் போனை அணைத்து வைக்காதே. அம்மன் உன் கூடவே இருப்பாள், நீ கால் வைக்கிற இடமெல்லாம் நன்றாக இருக்கட்டும், நூறு வருஷம் சிரித்துக்கொண்டு இரு. வந்து சேர்ந்த பையில் முறுக்கு எத்தனை பொட்டலம் இருந்தது என்று மறக்காமல் சொல், வசந்தின் மேல் எனக்கு நம்பிக்கை உண்டு, ஆனாலும் சொல்.

இப்படிக்கு, உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும் அப்பா,
ராஜகோபால்

அம்மா சொல்லச் சொன்னது: இதில் பாதி பொய், புளிக்காய்ச்சல் மட்டும் நிஜம்.